ஒரே சீட்டில் இரண்டு நோய்

தாம்பரத்தில் பயத்துக்கு மருந்து பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். இரவு பத்துக்குக் கடையை அடைத்துவிடுவார்கள். டாஸ்மாக் கடையைத்தான் சொல்கிறேன். அந்தப் பன்னிரண்டு மணிக்காகக் காலை முழுக்கக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் நான். ருசிக்காகவோ கொண்டாட்டத்துக்காகவோ அல்ல. குடிக்காவிட்டால் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், இந்த நிமிடமே செத்துவிடப்போகிறோம் என்று தோன்றும். குடித்தால் அடங்கும். ஊரில் எல்லோரும் என்னைக் குடிகாரன் என்றார்கள். எனக்கு நரம்புக் கோளாறு, அதற்காகத்தான் குடிக்கிறேன் என்று நான் சொல்லிக்கொண்டேன். இரண்டு பேச்சிலும் பாதிப் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதிகளைச் சேர்த்துப் பார்க்க ஓர் ஆள் கிடைப்பதற்குள் என் நாற்பதுகள் முக்கால்வாசி கரைந்துவிட்டன.

முதலில் வந்தது பயம்தான். அப்போது எனக்குப் பாரிமுனையில் வேலை. துறைமுகத்துச் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் அலுவலகம். சேலையூர் வீட்டிலிருந்து தாம்பரம் வந்து மின்சார ரயிலைப் பிடித்தால் பீச் ஸ்டேஷன். 1931-இல் மின்சார வண்டி ஓடத் தொடங்கிய பழைய தடம் அது. பல்லாவரம், மீனம்பாக்கம், பரங்கிமலை என்று நிலையங்களின் வரிசை தூக்கத்திலும் எனக்கு ஒப்பிக்க வரும். ஒரு நாள் கிண்டியைத் தாண்டி அடையாற்றுப் பாலத்தின்மேல் வண்டி சிக்னலுக்காக நின்றது. நெரிசல். கை வைக்க இடமில்லை. திடீரென்று நெஞ்சுக்குள் யாரோ அடிக்கத் தொடங்கியதுபோல் இருந்தது. விரல்கள் மரத்தன, வியர்த்துக் கொட்டியது, குதித்துவிடலாம் என்று வாசல் பக்கம் நகர்ந்தேன். சைதாப்பேட்டையில் இறக்கிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள்.

மாரடைப்பு என்றே நம்பினேன். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. "கேஸ்தான் சார், நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றார் டாக்டர். அதன்பின் கேஸுக்கான மாத்திரை, எக்கோ, டிரெட்மில் என்று கையிலிருந்த பணம் போனது. இதயத்தில் ஒன்றுமில்லை என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். ஆனால் ரயில் ஏறினால் மறுபடியும் அது வந்தது. வருமோ என்ற நினைப்பே அதை வரவழைத்தது. இதற்குப் பீதித் தாக்குதல் என்று பெயர் இருப்பதும், பத்து இருபது நிமிடத்தில் தானாக அடங்கிவிடும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

அலுவலகத்தில் ஒரு தம்பி மாலையில் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "வாங்கண்ணே, ஒரு கட்டிங் போட்டா எல்லாம் சரியாயிடும்." சரியாகவே ஆனது. அதுதான் சிக்கல். அன்று மாலை நின்றுகொண்டே தாம்பரம் வரை வந்தேன், ஒரு படபடப்பும் இல்லை. எந்த டாக்டரும் தராத நிம்மதியைப் பாதிக் குவார்ட்டர் தந்தது.

அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்பதைப் பல வருடம் கழித்துத்தான் ஒருவர் எனக்கு விளக்கினார். மூளைக்குள் வேகத்தைக் குறைக்கும் ரசாயனம் ஒன்றுண்டு, காபா என்று பெயர். வேகத்தைக் கூட்டுவது குளுட்டமேட். மது முதலாவதன் வேலையைப் பெருக்கிவிடும், இரண்டாவதை அமுக்கிவிடும். தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்காது. யாரோ எந்நேரமும் பிரேக்கில் காலை வைத்திருக்கிறான் என்று கணக்குப் போட்டு, ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தி வைத்துக்கொள்ளும். விடியற்காலையில் மது இறங்கியதும் பிரேக் விலகிவிடும், ஆக்சிலேட்டர் மட்டும் மிச்சம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, காரணமில்லாத திகில். அதாவது, எந்தப் பயத்தை அடக்க நான் இரவில் குடித்தேனோ, அதைவிடப் பெரிய பயத்தை அந்தக் குடியே மறுநாள் காலைக்குத் தயார் செய்து வைத்தது. அதை என் பழைய நோய் என்று நினைத்து மறுபடியும் குடித்தேன். கட்டிங் குவார்ட்டராயிற்று, குவார்ட்டர் ஆஃப் ஆயிற்று.

பிறகு ரயிலே வேண்டாம் என்று சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என மெப்ஸில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். 1984-இல் தாம்பரம் சானடோரியத்தில் தொடங்கிய ஏற்றுமதி வளாகம். வீட்டிலிருந்து பைக்கில் போய்விடலாம். பயத்திடமிருந்து தப்பிவிட்டதாக நினைத்தேன். உண்மையில் என் உலகம் சேலையூர், கேம்ப் ரோடு, மெப்ஸ் என்ற அளவுக்குச் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தில்தான் மூன்றாவது ஆளாக மனச்சோர்வு வந்து உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். பிள்ளை வந்து கூப்பிட்டாலும் திரும்பத் தோன்றாது. நான் இல்லாவிட்டால் இவர்கள் நன்றாக இருப்பார்கள் என்று ஓர் எண்ணம், அதிலும் ஒருவித அமைதி. அப்படித் தோன்றுவதும் நோயின் வேலைதான் என்று சொல்ல ஆளில்லை.

வீட்டில் செய்யாத வைத்தியமில்லை. மாமனார் வந்து, "மாப்ள, ஐயப்பனுக்கு மாலை போட்டுக்குங்க" என்றார். எங்கள் பக்கத்தில் குடியை விட ஆண்களுக்கு ஊரே மரியாதையோடு தரும் ஒரே சந்தர்ப்பம் அது. போட்டேன். பக்தியும் கூட்டமும் குளிர்ந்த நீர்க் குளியலும் உண்மையாகவே உதவின. ஒரு மண்டலம் குடிக்காமல் இருக்க முடிந்தது. ஆனால் மூடி இல்லாமல் பயம் கொதித்தது. பம்பையில் கூட்ட நெரிசலில் மூச்சு முட்டி, கூட வந்த குருசாமி என்னைத் தூக்கி நிறுத்தவேண்டியிருந்தது. மாலையைக் கழற்றிய வாரமே கடை வாசலில் நின்றேன். "சாமிக்கே பயப்படாதவன்" என்று பேச்சு வந்தது. நான் பயந்துகொண்டேதான் இருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை.

குடிப்பவருக்குத் தெரியாமலே சோற்றில் கலந்து கொடுக்கும் பொடி என்று சுவரில் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். என் மாமியார் ஒன்றை வரவழைத்துவிட்டார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதைக் கேட்டு என் மனைவி அதைத் தொடவில்லை. அந்தப் பெண் சொன்னது இது: டைசல்ஃபிராம் என்றொரு மருந்து உண்டு. 1940-களின் கடைசியில் டென்மார்க்கில் குடிநோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கியது. மதுவை உடைக்கும் பாதையில் ஒரு நொதியைத் தடுத்துவிடும். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுப்பவருக்கு அது நல்ல காவல். தெரியாமல் ரசத்தில் கலந்தால் விஷம். எந்தப் பொடியில் எது இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பெண் என் உயிரைக் காப்பாற்றியிருக்கலாம்.

அடுத்து டாக்டர்களிடம் போனேன். இங்கேதான் நான் சொல்லவந்த விஷயம் இருக்கிறது.

மனநல மருத்துவர் ஒருவரிடம் பயத்தைச் சொன்னேன், குடியைப் பாதி மறைத்தேன். "எப்பவாவது, ஃபங்ஷன்ல" என்றேன். அவர் அல்ப்ரசோலம் எழுதினார். அற்புதமாக வேலை செய்தது. ஏனென்றால் அதுவும் மது தட்டும் அதே கதவைத்தான் தட்டுகிறது. மாத்திரை தீர்ந்ததும் பழைய சீட்டை நீட்டி வாங்கிக்கொண்டேன். சீட்டில்லாமலும் கொடுக்கும் கடை ஒன்றைக் கண்டுபிடித்தேன். இரவில் குடி, காலையில் மாத்திரை. மதுவும் இந்த வகை மாத்திரையும் சேர்ந்தால் மூச்சையே மந்தப்படுத்திவிடும் என்பது தெரியாமல், நோய்க்கு மருந்து சாப்பிடுகிறேன் என்ற பெருமையோடு இரண்டாவது பழக்கத்தை வளர்த்தேன். ஒரு நாள் வாய் வாசனையை வைத்து அவர் கண்டுபிடித்தார். "முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க சார், அப்புறம் இதைப் பாக்கலாம்."

நிறுத்துவதற்கு ஒரு மறுவாழ்வு மையத்துக்குப் போனேன். தென்புறநகரில் மாடி வீட்டில் நடந்தது. வாசலில் பையைச் சோதித்து, எல்லா மாத்திரைகளையும் எடுத்துவிட்டார்கள். "மாத்திரையும் போதைதான். மனசு உறுதியா இருந்தா பயம் தானா போயிடும்." அல்ப்ரசோலத்தைப் பொறுத்தவரை அவர்கள் பயந்ததில் நியாயம் உண்டு, திடீரென்று பிடுங்கியதில் நியாயமில்லை. தியானம், வகுப்பு, பிரார்த்தனை எல்லாம் இருந்தன. அங்கிருந்தவர்கள் என்னிடம் அன்பாகவும் இருந்தார்கள். ஆனால் இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தவனைப் பார்த்து, "குடிக்கிறதுக்கு நடிக்கிறான்" என்றார்கள். வெளியே வந்தேன். முதல் நாள் பயம், இரண்டாம் நாள் கடை.

ஒரு வாசலில் குடியை விட்டுவிட்டு வா என்கிறார்கள். இன்னொரு வாசலில் பயத்தை விட்டுவிட்டு வா என்கிறார்கள். நான் இரண்டையும் சுமந்துகொண்டு நடுத்தெருவில் நின்றேன்.

கடைசியில் ஒரு வைராக்கியத்தில் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தினேன். மறுநாள் இரவு வலிப்பு வந்தது. நாக்கைக் கடித்து இரத்தம். இதைப் படிக்கும் யாருக்காவது இது உதவட்டும்: பல வருடம் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாதவை கண்ணில் தெரிந்து, காய்ச்சலும் வியர்வையுமாக உயிருக்கே ஆபத்தான நிலை வரும். இதை மன உறுதியால் தாண்ட முடியாது. மருத்துவமனையில்தான் தாண்டவேண்டும்.

வலிப்புக்காகச் சேர்த்த இடத்தில் மனநலப் பிரிவும் இருந்தது. அங்கே பார்த்த டாக்டரம்மா என் மனைவியை வெளியே அனுப்பவில்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "எவ்வளவு குடிக்கிறீங்க?" என்று கேட்ட அதே குரலில், "குடிக்கிறதுக்கு முன்னாடி எந்த வயசுல முதல்ல பயந்தீங்க?" என்று கேட்டார். ஒரே தாளில் இரண்டையும் எழுதினார். என் வாழ்க்கையில் முதல் தடவை.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "மேடம், பயத்தால குடி வந்துச்சா, குடியால பயம் வந்துச்சா?"

"எங்க வேலை பாக்கறீங்க?"

"மெப்ஸ்ல."

"பக்கத்துல சானடோரியம் ஆஸ்பத்திரி தெரியுமில்ல? அங்க டி.பி.யும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து வர்ற ஆளைப் பாத்து, எது முதல்ல வந்துச்சுன்னு தீர்ப்பாகட்டும், அப்புறம் வாங்கன்னா சொல்றாங்க?"

தினமும் அந்த வழியாகப் போய்வந்தவன் நான். அந்த மருத்துவமனையின் கதையை அதன்பிறகுதான் படித்தேன். 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது. ஊர் ஒதுக்கிய நோய்க்கு ஊருக்கு வெளியே, காட்டோரம், காற்றோட்டமான இடம். பிறகு அரசு எடுத்துக்கொண்டது. 1993 முதல் அங்கே எச்.ஐ.வி. உள்ளவர்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். காரணம் எளிது: எச்.ஐ.வி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்தால் காசநோய் தலைதூக்கும். காசநோய் வந்தால் எச்.ஐ.வி. இன்னும் வேகமாகும். ஒன்று மற்றதற்குத் தீனி. 2004 ஏப்ரலில் இந்திய அரசு எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்தை முதலில் தொடங்கிய சில மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. அங்கே இரண்டுக்கும் சிகிச்சை உண்டு, ஆனால் இரண்டையும் ஒரே நாளில் கண்ணை மூடிக்கொண்டு தொடங்குவதில்லை. காசநோய் மருந்தை முதலில் தொடங்கி, உடம்பு அதைத் தாங்குவதைப் பார்த்து, சில வாரங்களுக்குள் மற்றதைச் சேர்ப்பார்கள். வரிசை உண்டு, ஆனால் எந்த நோயும் வாசலுக்கு வெளியே நிற்பதில்லை.

என் சிகிச்சையும் அப்படித்தான் நடந்தது. முதலில் உடம்பு. தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசி, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே. நெடுநாள் குடித்தவர் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். வலிப்பைத் தடுக்க குளோர்டயஸிபாக்சைடு, நாளுக்கு நாள் குறைத்து நிறுத்தினார்கள். அல்ப்ரசோலத்தையும் அதோடு மெல்ல இறக்கினார்கள். மயக்கமும் எரிச்சலுமாக இருந்த அந்த நாட்களில் நான் கேட்டது ஒன்றே: மனச்சோர்வுக்கு ஏன் இன்னும் மருந்து தரவில்லை?

"காத்திருக்கோம். ஆனா சும்மா காத்திருக்கலை" என்றார். வாரம் ஒரு தடவை கேள்விப் பட்டியல் வைத்து என் மனநிலையை அளந்து எழுதிவைத்தார்கள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. 1988-இல் அமெரிக்காவில் பிரௌன், ஷக்கிட் என்ற இருவர் குடிநோய்க்குச் சிகிச்சைக்கு வந்த 191 ஆண்களை ஆராய்ந்தார்கள். சேர்ந்தபோது 42 விழுக்காட்டினருக்குக் கடுமையான மனச்சோர்வு. நான்கு வாரம் குடிக்காமல் இருந்தபின் அப்படி இருந்தவர்கள் 6 விழுக்காடு. பெரும்பாலோருக்குச் சோர்வைத் தந்தது குடியேதான். குடி போனதும் அதுவும் போயிற்று. ஆகவே, எல்லோருக்கும் முதல் நாளே எல்லா மாத்திரையும் என்பதும் சரியல்ல. ஆனால் அந்த ஆறு விழுக்காட்டில் ஒருவனாக நான் இருந்தால்? அல்லது என்னைப்போல், குடிக்கு முன்பே பயம் இருந்தவனாக இருந்தால்? அப்போது குடி நின்றாலே எல்லாம் சரியாகும் என்று அனுப்பிவிடுவது அவனைக் கடைக்கே திருப்பி அனுப்புவதற்குச் சமம்.

வாரங்கள் கடந்தும் என் அளவு இறங்கவில்லை. செர்ட்ராலின் தொடங்கினார்கள், அது பயத்துக்கும் சோர்வுக்கும் பொதுவான மருந்து, பழக்கமாகும் ரகம் அல்ல. பலன் தெரியச் சில வாரமாகும், அதுவரை பொறுக்கவேண்டும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். கல்லீரல் பரிசோதனை பார்த்து, குடியின் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோனும் கொடுத்தார்கள். 2010-இல் பென்சில்வேனியாவில் பெட்டினாட்டி என்பவரும் குழுவினரும் குடிநோயும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 170 பேரிடம் இதே இரண்டு மருந்துகளைச் சோதித்தார்கள். 14 வாரமும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் குடிக்கவே இல்லை. ஒன்றை மட்டும் சாப்பிட்டவர்களிலும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் அந்தக் கணக்கு ஏறக்குறைய நாலில் ஒருவர்தான். எல்லோருக்கும் இதே மருந்து பொருந்தும் என்று சொல்லவரவில்லை. ஒரு நோய்க்கு மட்டும் மருந்து தந்தால் என்ன நடக்கும் என்பதற்கு என் வாழ்க்கையே சாட்சி. அந்த ஆராய்ச்சியிலும் அதே கதையைக் கண்டேன்.

மாத்திரை பாதிதான். மீதிப் பாதியை ஓர் உளவியல் ஆலோசகர் எடுத்துக்கொண்டார். ரயிலில் ஏற வைத்தார். முதலில் பிளாட்பாரத்தில் நிற்பது மட்டும். பிறகு தாம்பரத்திலிருந்து சானடோரியம், ஒரே ஒரு நிலையம். படபடப்பு வரும்போது இறங்கக்கூடாது, அது ஏறி, நின்று, தானாக இறங்குவதைக் கவனிக்கவேண்டும். அடுத்த வாரம் குரோம்பேட்டை, பிறகு பல்லாவரம். இதில் ஒரு கண்டிப்பு இருந்தது: ரயிலுக்கு முன்னும் பின்னும் சொட்டுக்கூட கூடாது. குடித்துவிட்டு ஏறினால் தைரியம் மதுவின் கணக்கில் போய்விடும், மூளை எதையும் கற்றுக்கொள்ளாது. குடியை நிறுத்தாமல் பயத்துக்குச் சிகிச்சை ஏன் பலிக்கவில்லை என்பது அங்கே புரிந்தது. பயத்துக்குச் சிகிச்சை இல்லாமல் குடி ஏன் நிற்கவில்லை என்பது ஏற்கெனவே தெரியும். அடையாற்றுப் பாலத்தை விழித்த கண்ணோடு தாண்டிய அன்று மாம்பலத்தில் இறங்கி மனைவிக்குப் போன் செய்தேன். "சரி, வர்றப்ப ரங்கநாதன் தெருவுல குக்கருக்கு கேஸ்கட் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

இடையில் ஒரு சறுக்கல். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று செர்ட்ராலினை நானே நிறுத்தினேன். சில வாரத்தில் தூக்கம் போயிற்று, பயம் எட்டிப் பார்த்தது, ஒரு சாவு வீட்டில் கை கிளாஸைத் தொட்டது. டாக்டரம்மா திட்டவில்லை. "எந்த மாத்திரையை எப்ப நிறுத்தினீங்க, எப்பலேர்ந்து தூங்கலை?" என்று தேதி வாரியாக எழுதவைத்தார். குடி திரும்பியதற்கு முன்னால் பயம் திரும்பியிருந்தது என்பது தாளில் தெளிவாக நின்றது. அன்றிலிருந்து எனக்கு அபாய மணி முதல் கிளாஸ் அல்ல. இரண்டு இரவு தொடர்ந்து தூக்கம் கெட்டால் அதுதான்.

சர்ச் ஹால் ஒன்றில் நடக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கும் போகிறேன். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கிப்பிடித்ததில் பிறந்த இயக்கம். நானும் அப்படித்தான் என்று ஒருவர் சொல்லும்போது கிடைக்கும் ஆறுதலை எந்த மாத்திரையும் தராது. ஆனால் அங்கும் ஒரு மூத்த அண்ணன், "மாத்திரை சாப்பிடறவன் முழுசா வெளிய வரலை தம்பி" என்றார். அந்த இயக்கமே மருந்துகள் பற்றி ஒரு சிறு வெளியீடு வைத்திருக்கிறது. உறுப்பினர் யாரும் மருத்துவராக வேண்டாம் என்பது அதன் சாரம். அதைக் காட்டினேன். படித்துவிட்டு, "சரி, டாக்டர் சொல்றபடி செய்யி" என்றார். அவருக்கும் இரவில் தூக்கமில்லை என்பது பின்னால் தெரிந்தது.

என் மனைவியைப் பற்றிச் சொல்லாமல் இது முடியாது. பெயர் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். நான் தேறிய பிறகு அவள் படுத்துவிட்டாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே கை நடுங்கும், என் வாயை முகர்ந்து பார்ப்பாள், காரணமில்லாமல் அழுவாள். "இப்பத்தான் எல்லாம் நல்லா இருக்கே, உனக்கென்ன குறை?" என்று இரு வீட்டாரும் கேட்டார்கள். நெருக்கடியில் தள்ளிப்போட்ட சோர்வு, நெருக்கடி தீர்ந்ததும் வசூலுக்கு வந்தது. அவளுக்கும் தனியாகச் சிகிச்சை தேவைப்பட்டது. சென்னையில் இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் சாந்தி ரங்கநாதன். குடிநோயால் கணவரை இழந்தவர். அந்தக் கணவரின் பெயரிலேயே 1980-இல் டி.டி. ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் பவுண்டேஷனைத் தொடங்கினார். இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை என்றால் எல்லோருக்கும் தெரியும். குடிப்பவரோடு குடும்பத்தாரும் சிகிச்சைக்கு வரவேண்டும் என்பதை அங்கே ஆரம்பத்திலிருந்து வலியுறுத்தினார்கள். திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் கிராம முகாம்களும் நடத்தினார்கள். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

நான் நடுத்தெருவில் நின்றது என் தலையெழுத்து மட்டுமல்ல. நம் நாட்டில் மறுவாழ்வு மையங்களுக்கு நிதி தரும் திட்டம் மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. மனநலத் திட்டம் சுகாதார அமைச்சகத்தின் கீழ். கோப்புகளே இரண்டு கட்டடத்தில் இருக்கும்போது நோயாளி ஒரே அறையில் பார்க்கப்படுவது எளிதல்ல. 2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு, நாட்டில் மதுவால் தொல்லைக்குள்ளாகி உதவி தேவைப்படுவோர் 5.7 கோடி என்றது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். சட்டம் மட்டும் சரியாகச் சொல்கிறது. 2017-இல் நிறைவேறி 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது, போதைப் பொருட்களால் வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவே இத்தகையவர்களைச் சேர்த்துச் சிகிச்சை தரும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

இப்போது எங்கள் தெருவில் யார் வீட்டிலாவது பிள்ளை குடிக்கிறான் என்றால் என்னிடம் அனுப்புகிறார்கள். நான் அறிவுரை சொல்வதில்லை. அவனிடம் கேட்பது: "எதுக்குப் பயப்படறே? எத்தனை மணிக்கு முழிப்பு வருது?" குடும்பத்தாரிடம் சொல்வது: மறுவாழ்வு மையத்துக்குப் போனால், இங்கே மனநல மருத்துவர் யார், எந்தெந்த நாளில் வருவார் என்று கேளுங்கள். மனநல மருத்துவரிடம் போனால் எவ்வளவு குடிக்கிறார் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் எடுத்துப் போங்கள். தினமும் குடிப்பவரை வீட்டில் பூட்டி நிறுத்த வைக்காதீர்கள். காசில்லை என்று தள்ளிப்போடாதீர்கள்: கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. செத்துவிடலாம் என்று தோன்றினால் எந்நேரமும் 14416-க்குப் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ், தமிழிலேயே பேசுவார்கள். போதைப் பழக்கத்துக்கு 14446.

எங்கே போனாலும் ஒன்றை மட்டும் கவனியுங்கள். எழுதும் சீட்டில் இரண்டு நோயும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுதான் இருந்தால், நாற்காலியை விட்டு எழாமல் மற்றதையும் சொல்லி எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வேறு டாக்டரைத் தேடுங்கள்.